ஒன்பதாம் கரி

சாம்பவிக்கு வீட்டை விட்டு வெளிக்கிட இருபது நிமிஷம் வேண்டும். உடுத்தித் தலை சீவ ஐந்து நிமிஷம். மிச்சப் பதினைந்தும் கேஸை மூடினேனா, குழாயை இறுக்கினேனா, யன்னலைச் சாத்தினேனா என்று பார்ப்பதற்கு. ஐந்தாம் மாடியிலிருந்து லிஃப்டில் கீழே போனவள் அதே லிஃப்டில் மேலே வருவாள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற அந்த ஒழுங்கையில், அவள் காலையில் இரண்டு தரம் கீழே இறங்கி வராவிட்டால் காவல்காரருக்கே ஏதோ குறையாகத்தான் இருக்கும்.

"ஏன் பிள்ளை, நான் ஒருத்தி உயிரோடதானே வீட்டில இருக்கிறன்?" என்று தாய் சிவக்கொழுந்து சத்தம் போடுவார்.

"உங்களை நம்பித்தான் போறன் அம்மா," என்று சொல்லிக்கொண்டே மகள் கேஸ் திருகியை இன்னொரு தரம் தொட்டுப் பார்ப்பாள்.

வயது முப்பத்தொன்பது. கலியாணம் சரிவரவில்லை, ஏன் என்று கேட்பவர்களுக்குத் தாய் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொல்வார். ஓரிடத்தில் இருக்கமாட்டாள், பேசும்போது கால் ஆடும், ஒரு வேலையை முடித்த கையோடு அது முடிந்ததா என்று திரும்பப் பார்ப்பாள். வீட்டில் இந்த அந்தரம் ஒரு தொல்லை. ஆனால் பொரளைப் பக்கம் அவள் வேலை செய்த ஆய்வுகூடத்தில் அதற்குத்தான் மதிப்பு. தராசை மூன்று தரம் பார்க்கிறவளின் நிறை பிழைக்காது. அங்கே அவளுக்குப் பன்னிரண்டு வருஷம், அதில் கடைசி நான்கும் டொக்டர் ரொஷேலிடம்.

ரொஷேல் கொட்டாஞ்சேனைக்காரி. அப்பா துறைமுகத்தில் கிளாக்கர். வெளிநாடு போய்ப் பெரிய படிப்புப் படித்துவிட்டு, போனவர்கள் எல்லாம் அங்கேயே தங்கிவிடுகிற காலத்தில், திரும்பி வந்தவள். சாம்பவியை விட மூன்று வயது இளமை. அவளுக்கு ஒரே ஒரு பைத்தியம்தான் உண்டு. அது கந்தகம்.

நம்முடைய போனிலும் புதிதாக வருகிற மின்சாரக் காரிலும் இருக்கிற லிதியம் பற்றரியில், நேர்முனைக்கு விலை கூடின உலோகங்களைப் போடுகிறார்கள். அந்த இடத்தில் கந்தகத்தை வைத்தால் மலிவு, பாரமும் குறைவு, பிடிக்கிற மின்சாரமோ இரண்டு மூன்று மடங்கு. அப்படியென்றால் எல்லோரும் செய்யவேண்டியதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் வில்லங்கம். பற்றரி வேலை செய்யச் செய்ய, கந்தகம் உள்ளே இருக்கும் திரவத்தில் பிளேன்டித் தேநீரில் சீனி மாதிரிக் கரைந்து, தன் முனையை விட்டு மற்ற முனைக்குப் போய்ப் படிந்து எல்லாவற்றையும் பாழாக்கிவிடும். அறுபது, எழுபது தரம் சார்ஜ் ஏற்றி இறக்கினால் பற்றரி செத்துப்போகும். ஓடுகிற கந்தகத்தைப் பிடித்துவைக்க ஒரு கூடு வேண்டும். ரொஷேல் எடுத்த கூடு தேங்காய்ச் சிரட்டைக் கரி. சிரட்டையைக் காற்றுப் படாமல் உலையில் சுட்டால் கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு கரி வரும். கந்தகத்தை உருக்கி அந்தத் துளைகளுக்குள் இறக்கிவிடவேண்டும். துளையும் சரியாக இருந்து, கரிக்கும் கந்தகத்தின் மேல் ஒரு ஒட்டுதல் இருந்தால், கந்தகம் வெளியே ஓடாது.

அந்தக் கரியைச் சுடுவதுதான் சாம்பவியின் வேலை. சிரட்டை தேங்காய் ஆலையிலிருந்து வரும். அதைச் சுரண்டி, காய்ச்சி வடித்த நீரில் மூன்று தரம் கழுவி, ஒரு தரம் அமிலத்தில் அவித்து, காயவைத்து, உடைத்து, உலையில் வைக்கவேண்டும். ஒவ்வொன்றையும் செய்த நேரத்தோடு லொக் புத்தகத்தில் எழுதி, பக்கத்தில் கையெழுத்து வைக்கவேண்டும்.

லொக் புத்தகம் ரொஷேலுக்கு வேதப் புத்தகம் மாதிரி. அதை ஷெல்டனிடம் கேட்டால் தெரியும். ஷெல்டன் ஆய்வுகூடத்தில் உதவியாளனாக இருந்த நல்ல பெடியன், கைவேலை சுத்தம். ஒரு நாள் சோற்றுப் பார்சல் வாங்கப் போனவன் மூன்று மணி வெப்பநிலையைப் பார்க்கத் தவறிவிட்டான். திரும்பி வந்து, இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவே வரக்கூடிய ஒரு எண்ணைத் தானே யோசித்து எழுதிவிட்டான். உலையில் தானாகப் பதிகிற கருவி இருந்ததை மறந்துபோனான்; அதில் இருந்ததற்கும் அவன் எழுதியதற்கும் நாலு டிகிரி வித்தியாசம். மாதம் முடிய முதல் அவனை ரொஷேல் அனுப்பிவிட்டாள். இரண்டு பேரும் ஒரே கத்தோலிக்கக் கோயில்பற்று. ஷெல்டனின் அம்மா ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்று அழுது கேட்டும் ரொஷேல் மசியவில்லை.

"நாலு டிகிரி பிரச்சினை இல்ல," என்று அன்று எல்லோருக்கும் முன்னால் சொன்னாள். "இந்தப் புத்தகத்தில ஒரு இடத்தில பொய் இருந்தா, மத்த எல்லா இடத்தையும் நான் எப்படி நம்புறது?"

சாம்பவி தலையாட்டினாள். அவளுக்கு அது நூற்றுக்கு நூறு சரியாகத்தான் பட்டது.

ஆடி மாதம் வந்தது. ஒன்பதாம் தொகுதிக் கரி சுடவேண்டும். உலை அவர்களுடையதல்ல; பக்கத்துப் பிரிவோடு பங்கு. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு முறை. அதை விட்டால் அடுத்த முறைக்கு ஒரு மாதம். ஆலை லொறியோ செவ்வாய் வருகிறது என்றார்கள், புதன் என்றார்கள், கடைசியில் மழைக்கு ரோட்டு உடைந்துவிட்டது, இந்தக் கிழமை வராது என்றார்கள். ரொஷேல் அப்போது கருத்தரங்கு ஒன்றுக்குச் சிங்கப்பூர் போயிருந்தாள். "ஒன்பதாம் தொகுதிய எப்படியாவது முடிச்சு வையுங்க சாம்பவி," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

வியாழன் காலை ஆடிவேல் தேர் காலி வீதியால் வந்தது. வெள்ளவத்தைச் சனம் இரண்டு பக்கமும் திரண்டு நின்றது. தேருக்கு முன்னால் தேங்காய் அடித்தார்கள். கடைக்காரர்கள் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து கொட்டி, தேங்காய் விற்கிற விலையையும் பாராமல் தாரில் ஓங்கி ஓங்கி அடித்தார்கள். தேங்காய்த் தண்ணீர் ரோட்டில் ஓடியது. தேர் நகர்ந்த கையோடு பத்துப் பதினைந்து பேர் குனிந்து பொறுக்கத் தொடங்கினார்கள்.

"பாவம், இல்லாத சனம்," என்றார் சிவக்கொழுந்து. "வா பிள்ளை, நாங்கள் போவம்."

சாம்பவி தாயை லிஃப்டில் ஏற்றிவிட்டு, கடைக்குப் போய்விட்டு வருவதாகச் சொன்னாள். இரண்டு அரிசிப் பையோடு காலி வீதிக்கு ஓடினாள். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, தெரிந்த முகம் எதுவும் கண்ணில் படக்கூடாது என்று வேலவனையே வேண்டிக்கொண்டு, வேலவனுக்கு அடித்த தேங்காயைப் பொறுக்கினாள். யாழ்ப்பாணத்தில் அவள் தகப்பன் தபால் அதிபர். வீட்டில் பத்துப் பேருக்குச் சோறு போட்ட குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளை ரோட்டில் குந்தியிருந்து சிதறுதேங்காய் பொறுக்கியது தெரிந்தால் சிவக்கொழுந்து ஒரு மாதம் வெளியே தலை காட்டமாட்டார். பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண், இவளுடைய சேலையைப் பார்த்துவிட்டு, இரக்கப்பட்டுத் தன்னிடமிருந்த இரண்டு துண்டையும் இவள் பையில் போட்டாள். அந்த இரண்டு துண்டைத்தான் சாம்பவியால் பிறகு மறக்கவே முடியவில்லை.

மொட்டைமாடியில் தாயின் மோர்மிளகாய்ப் பாயில் இருந்து கொஞ்சம் தள்ளி, தேங்காயைத் தோண்டியெடுத்த சிரட்டையைப் பத்து மணிக்குப் பரப்பினாள். "ஆய்வுகூடத்துக்கு" என்றதும் தாய் அதற்கு மேல் கேட்கவில்லை. இரண்டரைக்கு மழை தூறத் தொடங்கியது. மிளகாயையும் சிரட்டையையும் ஓடி ஓடி உள்ளே எடுத்தார்கள். மறுநாள் காலை ஆய்வுகூடத்துக்குப் போனால், அவிக்கிற அமிலம் முடிந்திருந்தது. உலைக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம்; நீரில் கழுவினாலும் அதற்குள் காயாது. சிரட்டைகளின் உட்புறம் வெள்ளைத் தேங்காய்ப் பூ அங்கங்கே ஒட்டி, தேங்காய்த் தண்ணீர் காய்ந்து படிந்து, விரலில் பிசுபிசுத்தது. அவள் அதைத் துணியால் ஒரு தரம் தட்டிவிட்டு, உடைத்து, உலையில் வைத்துவிட்டாள்.

பிறகு புத்தகத்தைத் திறந்தாள். மூலம் என்ற கட்டத்தில் 'ஆலை' என்று எழுதினாள். கழுவியது என்ற கட்டத்தில் 'மூன்று தரம்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். பேனை ஓரிடத்திலும் தயங்கவில்லை. ஒன்பதாம் தொகுதி எப்படியும் மற்றத் தொகுதிகள் மாதிரிச் செத்துப்போகும், யார் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள் என்பதுதான் அவள் நினைப்பு. மிஞ்சிய சிரட்டையைக் கன்டீன் அடுப்புக்குக் கொடுத்துவிட்டாள்.

ஒன்பதாம் தொகுதி சாகவில்லை.

அந்தக் கரியில் ஐந்து பற்றரி வந்தது. மணிக்கூட்டுப் பற்றரி அளவு, சின்னஞ்சிறியவை. அதோடு கரியும் தீர்ந்தது. சோதனை இயந்திரம் நாளுக்கு ஆறு தரம் அவற்றை ஏற்றி இறக்கியது. ஐம்பது கடந்தது, நூறு கடந்தது. நூற்றைம்பதில் ரொஷேல் கேக் வாங்கிக்கொண்டு வந்தாள். முந்நூறிலும் ஐந்தும் கிட்டத்தட்ட முதல் நாள் பிடித்த அளவையே பிடித்துக்கொண்டு நின்றன. ரொஷேல் சாம்பவியைக் கட்டிப்பிடித்து, "இந்தக் கை தங்கக் கை," என்றாள். சாம்பவி அந்தக் கையை மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

ஏனென்றால் அதற்குள் பத்தாம் தொகுதி செத்துவிட்டது. ஆலைச் சிரட்டை, மூன்று தரம் கழுவல், அமிலத்தில் அவியல், எல்லாம் புத்தகப்படி. எழுபத்தெட்டோடு சரி. பதினொன்று எழுபதில் போனது. பன்னிரண்டு அறுபத்தாறில்.

ஒரு தரம் மட்டும் நடந்ததை நடந்தது என்று எவரும் ஏற்கமாட்டார்கள். தை மாதம் நிதி கொடுக்கிற குழு வருகிறது. மறுபடி செய்து காட்டினால் இன்னும் மூன்று வருஷம்; காட்டாவிட்டால் கந்தகப் பிரிவை மூடிவிட்டு, சாம்பவி உட்பட எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். ரொஷேல் தலையால் நடந்து காரணம் தேடினாள். திரவத்தை மாற்றினாள். தகட்டை மாற்றினாள். கொழும்பு ஈரக்காற்றைக் குற்றம் சொல்லி, உலர்த்தும் அறைக்கு இரண்டாவது இயந்திரம் வாங்கினாள். ஒன்பதாம் தொகுதிப் பக்கத்தை விரித்துவைத்து, அதில் இருந்ததை வரி வரியாகப் படித்தாள். அந்தப் பக்கத்தில்தான் பொய் இருந்தது. அதை எழுதியவள் இரண்டடி தள்ளி நின்று கண்ணாடிக் குவளை கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்த நாட்களில் சாம்பவி கேஸை ஐந்து தரம் பார்த்தாள். பஸ்ஸில் ஏறி பம்பலப்பிட்டியில் இறங்கித் திரும்பி வந்த நாளும் உண்டு. சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்து எழும்பிவிடுவாள். கடற்கரையில் தண்டவாளத்தோரம் கல்கிசைப் பக்கமாக நடக்கத் தொடங்கி, தெகிவளையில் நின்று, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி நடப்பாள். சொல்லிவிடலாமா என்று நினைப்பாள். உடனே ஷெல்டனின் அம்மா கண்ணுக்கு முன்னால் வந்து நிற்பார். கழுவாததா பெரிய விஷயம், அழுக்கு இருந்தால் கெட்டுப்போகுமே தவிர நல்லாகுமா என்று தனக்குத்தானே வழக்காடுவாள். வேலவனுடைய தேங்காய், அதுதான் காரணம் என்று ஒரு மனம் சொல்லும். ஆய்வுகூடத்தில் பன்னிரண்டு வருஷம் வேலை செய்தவள் இப்படி நினைக்கிறேனே என்று வெட்கமாகவும் இருக்கும்.

கார்த்திகை நடுவில் ரொஷேல் அவளை அறைக்குக் கூப்பிட்டாள். கண் சிவந்திருந்தது.

"நான் நிதிக் குழுவுக்குக் கடிதம் எழுதிட்டேன் சாம்பவி. ஒன்பதாம் தொகுதி என்ட பிழை, ஏதோ கலந்துபோயிருக்கு, முடிவுகள திரும்ப எடுக்கிறேன் எண்டு."

"உங்கட பிழை எண்டோ?"

"புத்தகத்தில உங்கட பக்கம் எல்லாம் சரியா இருக்கு. மிச்சம் எல்லாம் நான் செஞ்சது. அப்ப என்ட பிழைதானே?"

சாம்பவி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். இருக்கச் சொல்லியும் இருக்காமல் நின்றபடியே சொன்னாள்.

"டொக்டர், அந்தச் சிரட்டை ஆலையில இருந்து வரேல்லை. லொறி வராதபடியால், ஆடிவேல் தேருக்கு அடிச்ச தேங்காயை நான் ரோட்டில பொறுக்கினனான்."

ரொஷேல் அவளைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கண்ணில் தண்ணி வரும் மட்டும் சிரித்தாள்.

"இத ஏன் எழுதல்ல?"

"வெட்கம் டொக்டர். எங்கட வீட்டில தெரிஞ்சால்..."

"காலி ரோட்டில நீங்க பொறுக்கினீங்க? நீங்க?" ரொஷேல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் இரண்டு மாதத்துக்குப் பிறகு பிடிக்க ஒரு நுனி கிடைத்த சந்தோஷம் கோபத்தை மூடிவிட்டது. "சரி. பச்சைத் தேங்காய், ரோட்டில உடைச்சது. மற்றது எல்லாம் புத்தகத்தில இருக்கிற மாதிரித்தானே? கழுவினீங்கதானே, மூண்டு தரம்?"

வெட்கத்தை ஒருவர் மன்னித்துவிடலாம். செய்யாத வேலைக்கு வைத்த கையெழுத்து வேறு. அது ஷெல்டனின் குற்றம். சாம்பவி அதை மென்று விழுங்கினாள்.

"ஓம் டொக்டர்."

அதே மாதிரிச் செய்யவேண்டும் என்றாள் ரொஷேல். ஆனால் தேர் வருஷத்துக்கு ஒரு தரம்தான் வரும். ஆகவே சாம்பவி அடுத்த வெள்ளிக்கிழமை ஒழுங்கை முனைப் பிள்ளையாருக்கு ஐம்பத்தொரு தேங்காய் அடிப்பதாக ஏற்பாடு செய்தாள். சிவக்கொழுந்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முப்பத்தொன்பது வயதுப் பிள்ளை தானாக முன்வந்து நேர்த்தி வைக்கிறது என்றால் வேறு என்னவாக இருக்கும்? பட்டுச்சேலை உடுத்துக்கொண்டு வந்து நின்றார். மாப்பிள்ளை கனடாவோ என்று பக்கத்து வீட்டுக்காரி காதோடு காதாகக் கேட்டதற்கு, மறுக்காமல் சிரித்தும் வைத்தார்.

ஐம்பத்தொன்றையும் சாம்பவி அடித்து முடித்தாள். தோள்மூட்டு கழன்றுவிடும்போல் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு குனிந்தவளைக் கோயில் பொறுப்பாளர் பொன்னம்பலம் மறித்தார்.

"என்ன பிள்ளை செய்யிறாய்? அடிச்ச ஆளே பொறுக்கிறதோ? அடிச்சது அவருக்கு. பிறகு அது எடுக்கிற சனத்துக்கு. உனக்கு இல்லை."

"சிரட்டை மட்டும்தான் ஐயா, ஆய்வுக்கு."

"எதுக்கெண்டாலும் கூடாது. நேர்த்தி நிக்காது."

தாய் பட்டுச்சேலையோடு பார்த்துக்கொண்டு நிற்கிறார். பொன்னம்பலத்தை மிஞ்சிக் குனிய சாம்பவிக்குக் கால் வரவில்லை. அப்போது வாசலுக்கு வெளியே சப்பாத்தைக் கழற்றிவிட்டு ரொஷேல் உள்ளே வந்தாள். ஜீன்ஸ், கழுத்தில் சின்னச் சிலுவை.

"ஐயா, நான் எடுக்கலாமா? நான் அடிக்கல்ல."

பொன்னம்பலம் சிலுவையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், கொஞ்சம் யோசித்தார். "ஆர் எண்டாலும் எடுக்கலாம் மகள். அதுக்குத்தானே அடிக்கிறது."

படித்துப் பட்டம் பெற்ற டொக்டர், வேறு இரண்டு பெண்களோடு சேர்ந்து குந்தியிருந்து, தேங்காய் பொறுக்கினாள். தேங்காய்ப் பூ உள்ள துண்டுகளில் நல்லவற்றை அந்தப் பெண்களிடம் கொடுத்துவிட்டுச் சிரட்டைப் பக்கங்களைத் தான் எடுத்தாள். சாம்பவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தனக்காக ஒருத்தி இவ்வளவு லேசாகக் குனிகிறாளே, தன்னால் ஒரு வரி சொல்ல முடியவில்லையே என்று நெஞ்சு எரிந்தது.

அன்று பின்னேரம் சிரட்டையை வடிநீரில் போட்டுக் கழுவினாள். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். அமிலத்தில் அவித்தாள். அவள் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக எதையும் கழுவியதில்லை. ரொஷேல் பக்கத்தில் நின்று பார்த்தாள். புத்தகத்தில் எழுதி, கையெழுத்தையும் ரொஷேலே வைத்தாள்.

பதின்மூன்றாம் தொகுதி எழுபத்தொன்றில் செத்தது.

அன்று காலை ரொஷேல் இயந்திரத்துக்கு முன்னால் வந்து இருந்தாள். திரையில் கீழே விழுந்த கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மேசை லாச்சியைத் திறந்து, அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தை வெளியே எடுத்தாள். கையெழுத்துப் போடப் பேனையைத் தேடினாள். பேனை சாம்பவியின் மேலங்கிப் பையில் இருந்தது.

சாம்பவி பேனையைக் கொடுக்கவில்லை.

"நான் கழுவேல்லை," என்றாள்.

"என்னது?"

"ஒன்பதாம் தொகுதியை நான் கழுவேல்லை டொக்டர். ஒரு தரமும் கழுவேல்லை. அமிலம் முடிஞ்சுது, உலைக்கு நேரம் போச்சு. தேங்காய்ப் பூவும் தண்ணியும் ஒட்டினபடியே வைச்சனான். ஒரு நாள் வெயிலில காயவைச்சது மட்டும்தான். கழுவினது எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சன். நீங்கள் கேட்டபோதும் ஓம் எண்டன்."

ரொஷேல் எழும்பி யன்னலடிக்குப் போனாள். முதலில் அவளுக்குள் இருந்த ஆராய்ச்சிக்காரிதான் பேசினாள், அதுவும் தனக்குத்தானே.

"தேங்காய்த் தண்ணியில பொட்டாசியம். சிரட்டையோட சேர்ந்து எரியேக்க அதுதான் கரிய அரிச்சுத் துளை போட்டிருக்கு. தேங்காய்ப் பூவில நைதரசன். அது கந்தகத்தப் பிடிச்சு வெச்சிருக்கு. நாங்க கழுவிக் கழுவி மருந்தையே சிங்கில ஊத்தியிருக்கோம்." அவள் விரல் விட்டு எண்ணினாள். "நாலு தொகுதி. நாலு மாசம்."

பிறகு திரும்பினாள். அப்போதுதான் சாம்பவியைப் பார்த்தாள்.

"ஷெல்டன்ட அம்மாவ நான் ஒவ்வொரு ஞாயிறும் பாக்கிறேன் சாம்பவி. அவங்க இப்பவும் எனக்கு முகம் கொடுக்கிறதில்ல."

"தெரியும் டொக்டர்."

"நீங்க கோயில்ல... நான் உங்களுக்காகப் பொறுக்கினேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம்."

இருவரும் அழுதார்கள், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு. பிறகு சாம்பவி புத்தகத்தை எடுத்தாள். ஒன்பதாம் தொகுதிப் பக்கத்தில் பழையதை ஒற்றைக் கோட்டால் வெட்டி, எங்கே பொறுக்கியது, எப்படிக் கழுவாமல் விட்டது என்று எழுதி, அன்றைய திகதியைப் போட்டுக் கையெழுத்து வைத்தாள். வேலையை விடுகிறேன், ஒரு மாத அறிவித்தலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மாட்டினதை இரண்டு தரம் பார்த்தாள். ரொஷேல் மறிக்கவில்லை. மறிக்காததற்காக அவளைச் சாம்பவி ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

காலி வீதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. தாய்க்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு அருகில் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டார். ஆய்வுகூடத்தை ஏன் விட்டாள் என்று மகள் ஒரு நாள் பின்னேரம் முழுவதையும் சொன்னாள். காலி வீதியில் பொறுக்கினதையும், ஒரு பெண் இரண்டு துண்டு தந்ததையும் சொன்னாள். சிவக்கொழுந்து, "அந்த ரெண்டு துண்டு தந்த மனிசிக்கு ஒண்டும் குடுக்கேல்லையோ?" என்று மட்டும் கேட்டார்.

மார்கழி கடைசியில் ஒரு காலை போனில் ரொஷேலிடமிருந்து செய்தி வந்தது. வணக்கம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை. ஒரு எண் மட்டும்: 6. மறுநாள் 12. அதற்கு மறுநாள் 18. பதினான்காம் தொகுதி, கழுவாத சிரட்டை, ரொஷேலே தன் கையால் சுட்டது என்று சாம்பவிக்கு விளங்கியது. அவள் பதில் போடவில்லை. என்ன போடுவது? ஆனால் காலை ஏழரைக்கு முதல் போனை நாலு தரம் எடுத்துப் பார்த்தாள். 60 வந்த அன்று மருந்துச் சீட்டு ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். 78 வந்த அன்று பத்தாம் தொகுதி செத்த எண்ணைக் கண்டு கால் ஆடத் தொடங்கியது. மறுநாள் 84 என்று வந்தது. கடைக்குப் பின்புறம் போய் நின்று அழுதுவிட்டு வந்தாள். தை மாதம் குழு வந்து போனது; பிரிவை மூடவில்லை. 150 வந்தது. 240 வந்தது.

மாசியில் எண்ணுக்குப் பதிலாக ஒரு பக்கம் வந்தது. ரொஷேல் எழுதுகிற ஆய்வுக்கட்டுரை, செய்முறைப் பகுதி. ஒன்பதாம் தொகுதிக்கான சிரட்டைகள் கொழும்பு காலி வீதியில், வெள்ளவத்தையில், ஆடிவேல் திருவிழாவின்போது உடைக்கப்பட்ட தேங்காய்களிலிருந்து எஸ். சாம்பவியால் சேகரிக்கப்பட்டன, கழுவப்படவில்லை, ஒரு நாள் வெயிலில் உலர்த்தப்பட்டன என்று இருந்தது. கீழே ரொஷேல் எழுதியிருந்தாள்: "உங்கட பேர் போட்டிருக்கு. வேலை திரும்பத் தர என்னால முடியாது. இது மட்டும் முடியும். சரியா பாருங்க."

கடைக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். சாம்பவி தன் பெயரைப் பார்த்தாள். எதை ஒளிக்க அவள் அத்தனை மாதம் அந்தரப்பட்டாளோ அதே வரியில், உலகம் முழுக்கப் படிக்கிற இடத்தில், அவள் பெயர் இருந்தது. அவளுக்கு வெட்கமாக இருக்கவில்லை. ஒரு தரம் வாசித்தாள். இரண்டாம் தரம் வாசித்தபோது ஓரிடத்தில் கண் நின்றது. அதை எவரும் ஒருநாளும் கண்டுபிடிக்கமாட்டார்கள். அது மொட்டைமாடிக்கும் தாய்க்கும் அவளுக்கும்தான் தெரியும்.

அவள் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு பதில் எழுதினாள்.

"ஒரு நாள் இல்லை டொக்டர். காலமை பத்து மணியில இருந்து ரெண்டரை வரைக்கும்தான். பிறகு மழை வந்தது. மாத்துங்கோ."